கொட்டகைப் பலகையும் நமது அமானிதமும்

(நமது அறக்கட்டளை வளாகத்தில் நடந்த குடும்பங்கள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



அல்ஹம்துலில்லாஹ், இந்த ஞாயிற்றுக்கிழமையும் வேலைகளை ஒதுக்கிவிட்டு நீங்கள் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, நோன்புக் கஞ்சி என்று பேசுவோம். இன்று நான் பேசப்போவது ஒரு மரக்கொட்டகையைப் பற்றி. "செயலாளருக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று சிலர் நினைக்கலாம். பொறுமையாகக் கேளுங்கள். இதில் உங்கள் பணம் இருக்கிறது. என் தவறும் இருக்கிறது. அதைக் கணக்கோடு உங்கள் முன் வைப்பது என் கடமை.

நமது வளாகத்தின் பின்புறம், தென்னை மரங்களுக்கு நடுவில் இருக்கும் பலகைக் கொட்டகை உங்களுக்குத் தெரியும். பத்தடிக்கு எட்டடி. மய்யித்தைக் குளிப்பாட்டும் பலகை, சந்தூக்கு, கபர் வெட்டும் மண்வெட்டி, கடப்பாரை, பந்தல் துணி, விளக்குகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் மவுத் ஆனாலும், நடுராத்திரியானாலும், முதலில் திறப்பது அந்தக் கதவைத்தான்.

கடந்த ஐப்பசி மழையில் ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு ஒரு வீட்டில் மவுத். இரண்டு நாளாக விடாத மழை. இளைஞர்கள் இருவர் சந்தூக்கு எடுக்க வந்தார்கள். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். மேற்குப் பக்கச் சுவரின் அடிப்பலகைகள் மூன்று, பிஸ்கட் போல உடைந்து உள்ளே விழுந்து கிடந்தன. குளிப்பாட்டும் பலகையின் கால்கள் சேற்றில். பந்தல் துணி முழுக்க நனைந்து நாற்றம். சந்தூக்கைத் துடைத்துக் காயவைக்க வேறு வழியில்லாமல், என் வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே வைத்தோம். அந்த வீட்டார் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார்கள். அழுகிற வீட்டில் யாரும் நம்மைக் கடிந்து பேசவில்லை. அவர்கள் பேசாமல் இருந்ததுதான் எனக்கு இன்றுவரை மனதில் உறுத்துகிறது.

இப்போது என் தவறைச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்பே அந்த அடிப்பலகைகளில் பெயின்ட் உப்பி, உரிந்து வந்தது. அப்போது நான் என்ன செய்தேன்? "பார்க்க அசிங்கமாக இருக்கிறது, பெருநாளுக்குள் பட்டி பார்த்து ஒரு கோட்டிங் அடித்துவிடுங்கள்" என்று சொன்னேன். 6,500 ரூபாய் செலவானது. பச்சை நிறத்தில் புதுசு போல இருந்தது. கமிட்டியில் எல்லோரும் பாராட்டினார்கள். உள்ளே மரம் மக்கிக்கொண்டே இருந்தது. ஒரு ஸ்குரு டிரைவரை எடுத்துக் குத்திப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் குத்திப் பார்க்கவில்லை.

மழை நின்ற பிறகு கமிட்டி கூடியது. இரண்டு கருத்துகள் வந்தன. ஒன்று, இந்த மரக்கொட்டகையே வேண்டாம், இடித்துவிட்டுச் செங்கல் சுவர் எழுப்பி கான்கிரீட் போட்டுவிடலாம் என்பது. மதிப்பீடு வாங்கினோம். 2,85,000 ரூபாய். இன்னொன்று, ஒரு நல்ல தச்சரை அழைத்துக் காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்பது. இடிக்கச் சொன்னவர்கள் மீது தவறில்லை. அந்த இரவு நடந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தத் தொகைக்கு நாம் என்ன செய்ய முடியும் என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. ஜகாத் பணத்தை இதில் தொட முடியாது, அது உரியவர்களுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். பொது நிதியில் அப்போது இருந்தது, மழையில் கூரை போன நான்கு விதவைத் தாய்மார்களின் வீடுகளைச் சரிசெய்ய நாம் ஒதுக்கியிருந்த தொகை. கொட்டகைக்குக் கான்கிரீட் போட்டால் அந்த நான்கு வீடுகள் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் கொட்டகையின் பலகைகள் சாதாரணப் பலகைகள் அல்ல. சுமார் முப்பது வருடத்துக்கு முன்பு, நமது பெரியவர் ஒருவர் தன் பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த பர்மா தேக்குப் பலகைகளை விற்காமல், ஸதகத்துல் ஜாரியாவாக நமக்குக் கொடுத்தார். அவர் இன்று நம்மோடு இல்லை. அவர் கொடுத்ததைப் பார்க்காமலே குப்பையில் போட நமக்கு உரிமை உண்டா என்று ஒரு சகோதரர் கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களை நிறுத்தியது.

தச்சர் வந்தார். பாகூர்ப் பக்கத்து ஆசாரி, அறுபது வயது இருக்கும். முதலில் பெயின்டைப் பார்க்கவே இல்லை. பையிலிருந்து ஒரு கூர்மையான கம்பியை எடுத்து, அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு பலகையையும் ஓரடிக்கு ஓர் இடம் குத்திக்கொண்டே போனார். நல்ல மரத்தில் கம்பி நுனிகூட இறங்கவில்லை. கெட்டுப்போன இடத்தில் வெண்ணெயில் இறங்குவது போல அரை அங்குலம் இறங்கியது. கெட்ட இடத்தையெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். கடைசியில் சொன்னார்: "பாய், மேலே இருக்கிற தேக்கு இன்னும் நாப்பது வருஷம் நிக்கும். கெட்டது கீழே இருக்கிற ஆறு பலகையும், ரெண்டு சட்டத்தோட காலும்தான். அந்த ஆறும் தேக்கே இல்ல. யாரு போட்டது?"

யார் போட்டது என்று எனக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்தபோது, தென்னை மரம் ஒன்று கொட்டகையின் மேல் சாய்ந்தது. கீழ்ப்பலகைகள் உடைந்தன. ஊரே இருட்டில் கிடந்த நேரம், அவசரத்துக்குப் பேக்கிங் பெட்டிப் பலகைகளை வாங்கி அடித்தோம். "தற்காலிகமாக" என்றுதான் அடித்தோம். அது பத்து வருடத்துக்கு மேல் தற்காலிகமாகவே இருந்துவிட்டது.

சகோதரர்களே, மரம் ஏன் மக்குகிறது? இதைப் புரிந்துகொண்டால் உங்கள் வீட்டிலும் பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தலாம். மழை பட்டால் மரம் கரைந்து போவதில்லை. மரத்தைத் தின்பது பூஞ்சை. கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. அவை உயிர்பெற்று வளர ஈரம் வேண்டும், காற்று வேண்டும், நம் ஊர்ச் சூடு வேண்டும். சூட்டையும் காற்றையும் நாம் தடுக்க முடியாது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். மரத்துக்குள் இருக்கும் நீர், அதன் உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் அதைத் தின்ன முடியாது. அதனால்தான் நூறு வருடத்துப் பழைய வீட்டின் உத்திரம் உள்ளே காய்ந்த நிலையில் கல் போல இருக்கிறது. அதே மரத்தின் முனை ஈரச் சுவருக்குள் புதைந்திருந்தால் அந்த முனை மட்டும் மக்கிவிடுகிறது.

மழையில் நனைந்து இரண்டு நாளில் காய்ந்துவிடும் பலகைக்கு ஆபத்து குறைவு. நனைந்தது காயாமல் கிடப்பதுதான் ஆபத்து. நம் புதுச்சேரியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற மூன்றே மாதத்தில் கொட்டிவிடுகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 46 செ.மீ. அளவுக்குப் பெய்ததை நாம் எல்லோரும் வீட்டு வாசலில் பார்த்தோம். தேங்காய்த்திட்டு தாழ்வான பகுதி. ஒரு பக்கம் ஆறு, கழிமுகம், துறைமுகம். மழை விட்டாலும் மண் காய நாளாகும். காற்றில் உப்பும் இருக்கிறது. அந்த உப்பு இரும்பு ஆணியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த ஆணி ஓட்டைக்குள் தண்ணீர் இறங்கும். அங்கிருந்து மக்கல் தொடங்கும்.

பூஞ்சைக்குக் கூட்டாளி கரையான். இந்த இடத்தில் எனக்கு சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. ஸபஃ அத்தியாயத்தில் அது வருகிறது. அவர்கள் கைத்தடியில் சாய்ந்த நிலையிலேயே வஃபாத் ஆகிவிட்டார்கள். ஜின்கள் அதை அறியாமல் வேலை செய்துகொண்டே இருந்தார்கள். பூமியில் வாழும் ஒரு சின்னப் பூச்சி அந்தத் தடியை அரித்து, அவர்கள் கீழே சாய்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மறைவானதை ஜின்களும் அறியமாட்டார்கள் என்பது அதில் நமக்குள்ள பெரிய பாடம். என் போன்ற செயலாளருக்கு அதில் சின்னதாக இன்னொரு பாடமும் கிடைத்தது. நிற்கிறது என்பதால் மரம் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது.

ஆசாரி கம்பியால் குத்தி முடித்ததும், "பலகையை மாத்துறது அப்புறம் பாய். தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல பார்க்கணும். அதை நிறுத்தாம பலகையை மாத்தினா, மூணு வருஷத்துல என்னை மறுபடி கூப்பிடுவீங்க" என்றார். அவர் காட்டிய காரணங்கள் நான்கு.

முதலாவது, மண். கொட்டகை கட்டியபோது அடிப்பலகை தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்தது. வருடா வருடம் வளாகத்தில் மண் கொட்டி மேடாக்கினோம். மேற்குப் பக்கத்தில் மண் பலகையையே தொட்டுவிட்டது. மண்ணைத் தொடும் மரத்துக்கு ஈரமும் குறையாது, கரையானுக்கும் நேர்வழி.

இரண்டாவது, கூரை. மேலே இருக்கும் தகரம் சுவரைத் தாண்டி நான்கு அங்குலம்தான் நீண்டிருந்தது. கூரைத் தண்ணீர் முழுவதும் சுவரடியில் விழுந்து, தெறித்து, கீழ்ப்பலகையை நனைத்துக்கொண்டே இருந்தது.

மூன்றாவது, மருதாணிச் செடி. பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு உதவும் என்று நாமே நட்டது. புதராக வளர்ந்து சுவரோடு ஒட்டி நின்றது. வெயிலும் காற்றும் படாததால் அந்தப் பக்கம் காயவே இல்லை.

நான்காவது, நான் அடிக்கச் சொன்ன பெயின்ட். ஈரமான மரத்தின் மேல் வெளிப்பக்கம் மட்டும் கெட்டியாகப் பெயின்ட் அடித்தால், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. மரத்தைப் பாதுகாப்பதாக நினைத்து ஈரத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கிறோம்.

பொங்கல் விடுமுறை முடிந்து, வெயில் நன்றாக அடிக்கத் தொடங்கிய பிறகு வேலையை ஆரம்பித்தோம். நம் இளைஞர்கள் மூன்று பேர் ஆசாரிக்குக் கைவேலை செய்தார்கள். என்ன செய்தார்கள் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பலகைக் கொட்டகை, கோழிக் கூண்டு, மரக்கதவு, ஜன்னல் எது இருந்தாலும் இதே முறைதான்.

முதலில் சுவரைச் சுற்றி மண்ணை வெட்டி எடுத்தார்கள். அடிப்பலகைக்கும் தரைக்கும் இடையில் எட்டு அங்குலம் இடைவெளி வந்தது. சுவரடியில் ஜல்லி போட்டார்கள். ஜல்லி இருந்தால் மழைத்துளி சேறாகத் தெறிக்காது. மருதாணியைக் கவாத்து செய்து, இரண்டடி தள்ளி நிறுத்தினார்கள். செடியை வெட்டவில்லை, பிள்ளைகள் கவலைப்பட வேண்டாம்.

அடுத்து, கெட்ட பலகைகளைக் கீழிருந்து மேலாகக் கழற்றினார்கள். பலகைகள் ஓட்டுக்கூரை போல மேல் பலகை கீழ்ப்பலகையின் மேல் ஏறி அமர்ந்திருக்கும். பழைய ஆணியை நெம்பி இழுத்தால் நல்ல பலகையும் பிளந்துவிடும். அதனால் பலகைக்குப் பின்னால் இரும்பு ரம்பத்தை விட்டு ஆணியை அறுத்தார்கள். ஒரு பலகையில் கெட்டது இரண்டடி மட்டும் என்றால் முழுப் பலகையையும் எறியவில்லை. கெட்டது முடியும் இடத்திலிருந்து மூன்று அங்குலம் தாண்டி, நல்ல மரத்தில், பின்னால் சட்டம் இருக்கும் இடமாகப் பார்த்து அறுத்தார்கள். புதுத் துண்டின் முனைக்கும் பழைய பலகையின் முனைக்கும் பிடிமானம் அந்தச் சட்டம்தான்.

பலகையை எடுத்த பிறகு உள்ளே சட்டங்கள் தெரிந்தன. இரண்டு சட்டத்தின் கால்கள் மக்கியிருந்தன. மக்கிய பகுதியை அறுத்து, மேல் துண்டையும் புதுத் துண்டையும் பாதிப் பாதியாகச் செதுக்கி ஒன்றோடு ஒன்று பொருத்தி, போல்ட் போட்டு முடுக்கினார்கள். புதுக் காலுக்கு அடியில் ஒரு கருங்கல் துண்டை வைத்தார்கள். பிறகு நான்கு நாள் எதையும் மூடாமல் அப்படியே காயவிட்டார்கள். இந்த நான்கு நாள்தான் முக்கியம் என்றார் ஆசாரி. அவசரக்காரர்கள் தவறுவது இங்கேதான்.

காய்ந்த சட்டங்களிலும் புதுப்பலகைகளிலும் வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த வெந்நீர்க் கரைசலை இரண்டு முறை தடவினார்கள். பூஞ்சைக்கும் கரையானுக்கும் அது ஆகாது. ஆனால் மழை பட்டால் கரைந்து வெளியேறிவிடும், எனவே மேலே பெயின்ட் கட்டாயம் வேண்டும். பிள்ளைகள் கையில் அந்தக் கரைசல் கிடைக்கக் கூடாது. துறைமுகத்தில் மரப்படகு வைத்திருந்தவர்கள் முந்திரித் தோல் எண்ணெய் பூசுவார்களே என்று ஒரு பெரியவர் கேட்டார். அதுவும் நல்ல பாதுகாப்புதான். ஆனால் தோலில் பட்டால் புண்ணாகும். சந்தூக்கைத் தூக்கும் கைகள் படும் இடம் என்பதால் அதை நாங்கள் தவிர்த்தோம்.

புதுப்பலகை வாங்க மரக்கடைக்கு நானும் போனேன். வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆசாரி சொல்லியிருந்தார். எந்த மரமானாலும் நடுவில் இருக்கும் கருத்த வைரம்தான் மக்கலைத் தாங்கும். வெளிச்சுற்றில் வெளுத்திருக்கும் பகுதி தேக்காக இருந்தாலும் சீக்கிரம் கெட்டுவிடும். கடையில் "தேக்கு" என்ற பெயரைக் கேட்டுப் பணம் கொடுத்துவிட்டு, வெளுத்த பலகையோடு வீட்டுக்கு வருபவர்கள் நம்மில் நிறையப் பேர்.

பலகையைப் பொருத்துவதற்கு முன்பே முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் எல்லாவற்றிலும் பிரைமர் அடித்தார்கள். குறிப்பாக அறுத்த முனைகளில் மூன்று முறை. மரம் தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் அந்த முனை வழியாகத்தான். கட்டுக்கட்டாக வைத்த உறிஞ்சுகுழாய்களின் வாய் போல அது இருக்கும். பிறகு ஒரு அங்குலம் மேலேறும்படி பலகைகளை அடுக்கி, துருப்பிடிக்காத எஃகு ஸ்குரு போட்டார்கள். ஒவ்வொரு ஸ்குருவும் ஒரு பலகையை மட்டும் பிடிக்க வேண்டும். இரண்டு பலகையையும் சேர்த்துத் தைத்துவிட்டால், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்போது மரம் வெடித்துவிடும். அடிப்பலகையின் கீழ் ஓரத்தைச் சற்றுச் சாய்வாக இழைத்தார்கள், தண்ணீர் உள்பக்கம் திரும்பாமல் சொட்டிவிடும். கடைசியில் கூரை விளிம்பில் ஒரு பிவிசி தண்ணீர்க் கால்வாயும், அதிலிருந்து தென்னை மரத்தடிக்கு ஒரு குழாயும் வைத்தார்கள்.

கணக்கைச் சொல்கிறேன். பலகையும் சட்டமும் 9,600 ரூபாய். ஸ்குரு, போல்ட், பிரைமர், பெயின்ட், மருந்து 4,300. ஆசாரிக்கு நான்கு நாள் கூலி 5,200. கால்வாயும் குழாயும் 2,300. மொத்தம் 21,400 ரூபாய். எல்லாம் பொது ஸதகா நிதியிலிருந்து. ரசீதுகள் அலுவலக மேசையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த நான்கு தாய்மார்களின் கூரை வேலையும் மாசி மாதத்திலேயே முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். மூன்று வருடத்துக்கு முன்பு வீணான 6,500 ரூபாயை நான் என் சொந்தப் பணத்திலிருந்து நிதியில் சேர்த்துவிட்டேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கணக்கில் அந்த வரி வரும், "இது என்ன?" என்று நீங்கள் கேட்பீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

நம் முன்னோருக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் போனால் பழைய முஸ்லிம் வீடுகளின் திண்ணையைக் கவனித்துப் பாருங்கள். மரத்தூணை யாரும் நேராகத் தரையில் நட்டிருக்க மாட்டார்கள். கீழே ஒரு கல் பீடம், அதன் மேல்தான் தூண். திண்ணைக்கு மேல் தாழ்வாரம் நன்றாக வெளியே நீண்டிருக்கும். தூண் நனையாது, நனைந்தாலும் காய்ந்துவிடும். அழகுக்காகச் செய்தது என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். நம் ஆசாரி கருங்கல் துண்டை வைத்தபோதுதான் அதன் பயன் புரிந்தது.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து மேரி கட்டடம், நகராட்சி அலுவலகமாக இருந்தது, 2014 நவம்பர் 29-ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்தது. 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. பழுதுபார்க்க வேண்டும் என்று பல வருடம் பேச்சு நடந்தது. பேச்சு முடிவதற்குள் கட்டடம் முடிந்துவிட்டது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-இல் திறந்தார்கள். செலவு சுமார் 15 கோடி ரூபாய். அரசாங்கத்தால் அப்படிச் செய்ய முடிந்தது. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இடிந்த வீட்டை மறுபடி கட்டப் பதினைந்து லட்சம்கூட யார் தருவார்?

எனவே, உங்களிடம் நான் கேட்பது இதுதான். இப்போது ஆவணி. இன்னும் இரண்டு மாதத்தில் மழை. இந்த வாரமே ஒரு ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். குளியலறைக் கதவு நிலையின் அடிப்பகுதி, பின்கட்டுக் கதவின் கீழ்ப்பலகை, மேற்குப் பார்த்த ஜன்னலின் கீழ்ச்சட்டம், ஓட்டுக்கூரைச் சட்டம் சுவரில் ஏறும் இடம், மாடிப்படிக்குக் கீழே. இந்த ஐந்து இடங்களையும் குத்திப் பாருங்கள். பெயின்ட் உப்பியிருந்தால், தட்டினால் பொத்தென்று சத்தம் வந்தால், பென்சில் தடிமனில் மண் கோடு ஏறியிருந்தால், அங்கே வேலை இருக்கிறது என்று அர்த்தம். நம் சகோதரிகளுக்கு இது இன்னும் சுலபம். வீட்டைப் பெருக்கும்போது சுவரடியில் மாவு போல மரத்தூள் தினமும் சேர்ந்தால் முதலில் கவனிப்பது அவர்கள்தான். அவர்கள் சொல்லும்போது "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள்.

சின்ன ஓட்டை என்றால் கெட்டதைச் சுரண்டி, காயவைத்து, எபாக்சி மரப்பட்டி வைத்து அடைக்கலாம். பாரம் தாங்கும் இடத்தில் பட்டி வைத்து ஏமாறாதீர்கள், அங்கே மரத்துக்கு மரம்தான். பழைய பெயின்டைச் சுரண்டும்போது குழந்தைகளை அருகில் விடாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அந்தத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உலர்ந்த நிலையில் தேய்க்காமல் தண்ணீர் தெளித்துத் தேயுங்கள், முகத்தில் துணி கட்டுங்கள், தூளை ஈரத்துணியால் துடைத்துக் கட்டி எறியுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் தயங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். "வீட்டுக்காரரிடம் சொன்னால் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ" என்ற பயம். அப்படி இருந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள். நம் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து வீட்டுக்காரரிடம் மரியாதையாகப் பேசுவார்கள். தனியாக இருக்கும் முதியவர்கள், விதவைத் தாய்மார்கள் வீடுகளுக்கு, புரட்டாசி முடிவதற்குள் நம் இளைஞர்கள் கம்பியோடு வந்து பார்த்துக் குறித்துக் கொடுப்பார்கள். அந்த மூவரும் ஆசாரியிடம் கற்றுக்கொண்டு தயாராக இருக்கிறார்கள். பெயர் கொடுக்க வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் கொடுத்துவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

முடிக்கும் முன் ஒன்று. கஹ்ஃப் அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைதோறும் ஓதுகிறோம். அதில் மூஸா நபி (அலை) அவர்களோடு சென்ற அந்த நல்லடியார், விழப்போகும் நிலையில் இருந்த ஒரு சுவரைக் கூலி வாங்காமல் நிமிர்த்தி வைத்தார். அந்த ஊரார் அவர்களுக்கு உணவுகூடக் கொடுக்காதவர்கள். பிறகுதான் காரணம் தெரிகிறது. அந்தச் சுவருக்குக் கீழே இரண்டு அநாதைச் சிறுவர்களின் சொத்து இருந்தது, அவர்களின் தந்தை நல்லவராக இருந்தார். அவர்கள் பெரியவர்களாகும் வரை அது பத்திரமாக இருக்க வேண்டும் என்று அல்லாஹ் நாடினான். நம் கொட்டகைச் சுவரும் ஒரு நல்ல மனிதர் விட்டுச் சென்றதுதான். அதைக் காப்பாற்றியதில் நான்கு வீடுகளின் கூரை நின்றது. அந்தப் பெரியவருக்காக நாம் எல்லோரும் துஆ செய்வோம்.

கொட்டகைச் சாவி இப்போது இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று அலுவலகத்தில், ஒன்று என் வீட்டில். போன வாரம் நான் திறந்து பார்த்தேன். தரை காய்ந்திருக்கிறது. சந்தூக்கு சுத்தமாக, துணி போர்த்தி இருக்கிறது. இனி எந்த மழை ராத்திரியிலும் நம்மில் யாருடைய குடும்பமும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இன்ஷா அல்லாஹ்.